ருசி கையில் இல்லை!



தொழிலில் ஒருவரை உயர்த்துவது அனுபவமா, அந்த அனுபவத்தைத் திரும்பிப் பார்க்கும் பழக்கமா என்பது தலைப்பு. எதிரணி நண்பர், "செய்யச் செய்யத் தானா வந்துடும்" என்று அடித்துச் சொன்னார். நடுவர் அவர்களே, இந்த அண்ணாமலையைச் சுற்றிவர 14 கிலோமீட்டர். செக்குமாடு வாழ்நாள்ல அதைவிட எவ்வளவோ சுத்துது. எண்ணெய் வருது, மாட்டுக்கு ஏதாவது புதுசா வருதா? (சிரிப்பு)

நம்ம வீட்டு அம்மாவைப் பாருங்க. சாப்பிட்டு எழுந்ததும் இலையைப் பார்ப்பாங்க. எந்தக் காய் ஒதுங்கியிருக்கு? ஏன் ஒதுங்கிச்சு? அடுத்த தடவை புளி குறையும். அம்மா கையில ருசி இருக்குங்கிறோம். ருசி கையில இல்லீங்க, இலையைப் பார்த்த கண்ணுல இருக்கு! (கைதட்டல்)

1902-இல், தென்னார்க்காடு வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, இதே மலையில் விருபாட்சி குகையில் இருந்த ரமணரிடம் 'நான் யார்?' என்று கேட்டார். அது ஆன்ம விசாரம். அவ்வளவு உயரத்துக்கு நான் ஏறலை. 'இன்னிக்கு நான் என்ன செஞ்சேன், ஏன் அப்படிச் செஞ்சேன்?'னு கேட்கிற அளவுக்காவது ஏறலாமே!

வக்கீல் தொழிலை விட்டு ஆசிரியரானவர் குஜராத்தின் கிஜுபாய் பாதேக்கா. 1920-இல் பாவ்நகரில் குழந்தைகள் பள்ளி கண்டவர். 'பகல் கனவு' என்று தமிழில் வந்திருக்கும் அவருடைய கதையில், ஓர் ஆசிரியர் முதல் நாள் வகுப்பில் அமைதி விளையாட்டு நடத்தப் பார்க்கிறார். ஒரே கூச்சல்! வகுப்பே கலைந்துவிடுகிறது. அவர் பசங்களைக் குறை சொல்லலை. தன் திட்டத்தைத்தான் யோசிச்சுப் பார்த்தார். மறுநாள் கதை சொன்னார். அதே பசங்க உட்கார்ந்து கேட்டாங்க.

அப்போ அனுபவமே வேண்டாமான்னு கேட்பாங்க. வேணும். இலையே போடலைன்னா எதைப் பார்க்கிறது? ஆனால் பார்க்காத அனுபவம் வெறும் பழக்கமாக இறுகிவிடும். அதுக்கு விலை கொடுக்கிறது யார்? வாத்தியார் யோசிக்கலைன்னா ஃபெயிலாகிறது வாத்தியார் இல்லை, புள்ளை. டாக்டர் யோசிக்கலைன்னா அவஸ்தைப்படுறது டாக்டர் இல்லை, நோயாளி.

ஆகவே, தூங்கப் போகுமுன் அஞ்சு நிமிஷம் அன்றைய வேலையைத் திரும்பிப் பாருங்கள். திரும்பிப் பார்ப்பவரே உயர்கிறார் என்று தீர்ப்பு வழங்க வேண்டி அமர்கிறேன்.