துணை பிரிந்த பின்

வாழ்க்கைத் துணையை இழந்த பெற்றோர் அதன் பின் எவ்வாறு வாழ்வது என்பதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் பணித்தனர். அறிவுரை கூற நான் வரவில்லை. பள்ளியில் முப்பத்தைந்து ஆண்டுகள் அதைக் கூறியாயிற்று. எவ்வளவு பயன்பட்டது என்பது மாணாக்கர்களுக்கே வெளிச்சம்.

என் இல்லாள் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. அம்பத்தூரில் நாங்கள் வாழ்ந்த வீட்டிலேயே இருக்கிறேன். காரியங்கள் முடிந்து, உறவினர் அனைவரும் புறப்பட்டுச் சென்ற மறுநாட்காலை எனக்கு ஒன்று விளங்கிற்று: என் வீட்டில் காப்பித்தூள் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. பள்ளியின் கால அட்டவணையைத் தூக்கத்திலும் ஒப்பிப்பவன் நான். ஆனால் பால்காரருக்கு எந்தத் தேதியில் கணக்குத் தீர்ப்பது, எரிவாயு உருளைக்கு எவ்வாறு பதிவு செய்வது, எதுவும் அறியேன். அவள் இருந்தவரை அறிய வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

பெங்களூரில் இருக்கும் மகன் அழைத்துச் சென்றான். இரண்டு மாதம் இருந்தேன். குறை ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் எழுந்து எந்த அறையில் உட்கார்ந்தால் யாருக்கும் இடையூறு இராது என்று எண்ணிப் பார்க்கும் வாழ்க்கை எனக்குப் பிடிபடவில்லை. திரும்பிவிட்டேன்.

என்னைக் கரையேற்றியவர் என் தமக்கையார். பூவிருந்தவல்லியில் வசிக்கிறார். வாரத்தில் இரு நாள் பேருந்தேறி வந்து, அரிசிக்கு மேல் விரற்கணு அளவு நீர் நிற்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்கி எனக்குச் சமையல் கற்பித்தார். பிழை செய்தால் ஆசிரியரைப் போலக் கடிந்துகொள்வார். அவர் கணவரை இழந்தது முப்பத்தொன்றாம் வயதில். இரண்டு ஆண் குழந்தைகள். ஒரு தையல் இயந்திரம். அவ்வளவே அவருடைய ஆஸ்தி. அவ்விருவரையும் அவர் எப்படி வளர்த்தார் என்பதை அடுப்பின் முன் நின்றபோதுதான் முதன்முறையாகக் கேட்டேன். 1975-ஆம் ஆண்டிலிருந்தே தமிழக அரசு ஆதரவற்ற கைம்பெண்களுக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. ஊரார்க்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவன் நான்; என் தமக்கைக்கு அது கிடைக்குமா என்று ஒரு நாளும் விசாரித்தேனில்லை.

எங்கள் பகுதிக்கு உரிய பெரியவர் ஒருவரை இங்கே நினைக்கிறேன். திரு.வி.க. 1883-இல் பிறந்தது போரூரை அடுத்த துள்ளம் என்னும் சிற்றூரில். அவரும் தமிழாசிரியராக இருந்தவரே. 1912-இல் கமலாம்பிகையாரை மணந்தார். பிறந்த இரு மக்களும் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தனர். 1918 செப்டம்பரில் மனைவியாரும் மறைந்தார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியிருந்தது. அவருக்கு அப்போது வயது முப்பத்தைந்து. மறுமணத்தை ஏற்கவில்லை. 1920-இல் ‘நவசக்தி’ ஏட்டைத் தொடங்கினார்; 1927-இல் ‘பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை’ என்ற நூலை வெளியிட்டார். துணையை இழந்து ஒன்பது ஆண்டுகள் சென்ற பின் ஒருவர் தம் நூலுக்கு அப்பெயரைச் சூட்டினார் என்பதை நான் பல முறை எண்ணிப் பார்த்ததுண்டு.

ஆயினும், ஓர் ஆடவர்க்கு அவ்வாறு வாழச் சமூகம் இடம் தருகிறது. மனைவியை இழந்த என்னை ஊரார் முன்னைக் காட்டிலும் மரியாதையாக நடத்துகின்றனர். திருமணங்களில் முன்வரிசையில் அமர்த்தி வாழ்த்துரை கேட்கின்றனர். என் நெற்றியோ உடையோ நான் துணையிழந்தவன் என்று எவர்க்கும் அறிவிப்பதில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் கணவரை இழந்த பெண்கள் நான்கு கோடிக்கும் மேல். மனைவியை இழந்த ஆடவரோ அதில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. கணவரே பெரும்பாலும் மூத்தவர் என்பது ஒரு காரணம். ஆடவர் எளிதில் மறுமணம் செய்துகொள்வது மற்றொன்று.

சென்ற ஆண்டு ஆவடியில் என் மகள் வயிற்றுப் பேத்திக்குக் காதணி விழா. எங்கள் வீட்டு வரிசையின் முதல் தட்டை என் இல்லாள் ஏந்தியிருக்க வேண்டும். “அக்கா ஏந்தட்டும்” என்றேன். மகள் உடனே இசைந்தாள். சம்பந்தியம்மாள் மறுக்கவில்லை, ஆனால் முகம் மாறிற்று. அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. நாற்பது ஆண்டுகள் நானே கவனியாத ஒன்றை அவர் ஒரே நொடியில் கடந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

மறுத்தவர் தமக்கையாரே. “வேண்டாம் தம்பி. நாளைக்குக் குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் என் கைராசி என்று சொல்வார்கள். என்னால் தாங்க முடியாது” என்றார். அந்த அச்சத்திற்கு என்னிடம் விடை இல்லை. பகுத்தறிவு பேசி அவரை வற்புறுத்துவதும் ஒரு கொடுமையே என்று அப்போது தோன்றிற்று. நெடுநேரம் பேசினோம். முடிவில், முன்வரிசையில் என் பக்கத்தில் அமர்வதற்கு மட்டும் உடன்பட்டார். தட்டை என் மருமகள் ஏந்தினாள்.

விழாவன்று வழக்கம்போல் தூணோரமாக ஒதுங்கப் போனவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து அமர்த்தினேன். சந்தனக் கிண்ணத்துடன் வந்த சிறுமி எனக்கு நீட்டினாள். அடுத்து அவருக்கும் நீட்டினாள். அச்சிறுமிக்கு வேறுபாடு தெரியவில்லை. தமக்கையார் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு விரலைத் தோய்த்துப் புறங்கையில் பூசிக்கொண்டார்.

அதைப் பற்றி அவர் பின்னர் ஒரு சொல்லும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அம்பத்தூருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மிளகு ரசம் எனக்கு இன்னும் கைகூடவில்லை.