பெட்டி மேல் பழி போடுமுன்



"உங்கள் சாதனையைப் பற்றிப் பேசுங்கள்" என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். சாதனையைவிட நான் செய்த ஒரு தவறு உங்களுக்கு அதிகம் பயன்படும் என்று தோன்றியது. அதையே சொல்கிறேன்.

என் தாய்மாமா நாமக்கல்லில் ஒரே ஒரு லாரி வைத்திருக்கிறார். ஓட்டுவதும் அவரேதான். 2017 மாடல், பி.எஸ்.4 வண்டி. பழைய லாரிகளில் டீசலை அளந்து கொடுக்கும் வேலையைப் பம்ப்பே பார்த்துக்கொண்டது. இதில் அப்படியில்லை. எந்த இன்ஜெக்டர் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு சின்ன அலுமினியப் பெட்டி முடிவு செய்கிறது. நாம் இ.சி.யு. என்கிறோம். டிரைவர்களுக்கு அது "பொட்டி".

2024-இல் ஒரு நாள் மாமா வந்தார். "மாப்ளே, சூடேறினா எஞ்சின் தானா நின்னுடுது. அரை மணி நேரம் கழிச்சு ஸ்டார்ட் ஆயிடுது. பொட்டி போச்சு, மாத்தணும்ங்கறாங்க" என்றார். அவர்கள் சொன்ன தொகை அவருடைய பல மாதத் தவணை. எதை அளந்து பார்த்தார்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பொறுங்க மாமா, நான் பாக்கறேன்" என்றேன்.

மீட்டரை எடுத்தேன். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே 1.6 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். சேஸில் எர்த் கேபிள் முடுக்கிய இடம் துருவேறிக் கிடந்தது. தேய்த்து, சுத்தம் செய்து முடுக்கினேன். 0.1-க்கு இறங்கியது. காலைக் குளிரில் பத்து நிமிடம் ஓட விட்டுப் பார்த்துவிட்டு, "பொட்டி நல்லாத்தான் இருக்குங்க மாமா" என்று சொல்லி அனுப்பினேன். உள்ளூர எனக்கு ஒரே பெருமை.

ஐந்தாம் நாள் போன். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில், தொப்பூர் கணவாய் இறக்கம், முழு லோடு. "கியர் மாத்தக் கிளச்ச மிதிச்சேன் மாப்ளே, எஞ்சின் சுத்தமா நின்னுடுச்சு. ஸ்டியரிங் கல்லாட்டம் ஆயிடுச்சு. டேங்கில காத்து இருந்துச்சு, எப்படியோ ஓரங்கட்டிட்டேன்." அந்த இறக்கத்தை அறிந்தவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எர்த் கோளாறு உண்மைதான். ஆனால் அது மட்டுமே கோளாறு என்று முடிவு கட்டியது நான். சூடேறினால் நிற்கிற வண்டியைக் குளிர்ந்த நிலையில் சோதித்தவனும் நானேதான்.

மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை எஞ்சின் நன்றாகச் சூடேறி நிற்கும் வரை காத்திருந்தேன். பெட்டிக்கு வரும் 24 வோல்ட் சப்ளையை ஒரு பல்பை எரியவிட்டு, சுமையோடு சோதித்தேன், சரியாக இருந்தது. எர்த்தும் சரி. ஆனால் பெட்டி சென்சார்களுக்குக் கொடுக்க வேண்டிய 5 வோல்ட் இல்லை. ஒரே ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலும் அந்த 5 வோல்ட் விழுந்துவிடும். அதனால் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் வரவில்லை. ஸ்கேனரோடும் பெட்டி பேசவில்லை. தகவல் போகும் இரண்டு ஒயர்களுக்கிடையே இருக்க வேண்டிய 60 ஓம் சரியாகவே இருந்தது. அரை மணி நேரத்தில் பெட்டி ஆறியதும் 5 வோல்ட் தானாகத் திரும்பி வந்தது. பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்து, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடாக்கினேன், மறுபடி போய்விட்டது. மூடியைப் பிரித்து லென்ஸில் பார்த்தால், சப்ளை பகுதியில் ஒரு பாகத்தின் காலில், சால்டரில் மயிரிழை போல ஒரு விரிசல்.

ஆக, அவர்கள் சொன்னது சரி. ஆனால் அளக்காமல் சொன்னார்கள். நான் அளந்தேன்; ஆனால் பாதியில் நிறுத்திவிட்டேன். லோடு லாரி விஷயத்தில் இரண்டும் ஆபத்துதான்.

"சால்டர் வச்சே ஒட்டிடலாமே" என்று இங்கே சிலர் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் மற்ற இணைப்புகளும் அதே ஏழு வருட அதிர்வையும் சூட்டையும் கண்டவை. மாமாவை வைத்துப் பரிசோதனை செய்ய எனக்கு மனம் வரவில்லை. கடன் வாங்கிப் புதியது போட்டோம். பார்ட் நம்பர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. அந்த வண்டிக்கான மென்பொருளை ஏற்ற வேண்டும். சேஸ் எண்ணைப் பதிய வேண்டும். ஆறு இன்ஜெக்டர்களின் மேலும் பொறித்திருக்கும் குறியீடுகளைச் சிலிண்டர் வரிசைப்படி ஏற்ற வேண்டும். வரிசை மாறினால் எஞ்சின் சீராக ஓடாது, புகையும் வரலாம். இன்னொன்று: லாரியில் வெல்டிங் வைக்குமுன் பேட்டரி இணைப்பையும் பெட்டியின் கனெக்டர்களையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். பாடி கட்டும் ஊர்க்காரன் என்ற முறையில் சொல்கிறேன்.

பிறகு முழு லோடோடு, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு, மாமா பக்கத்தில் உட்கார்ந்து அதே தொப்பூர் இறக்கத்தில் வந்தேன். 5 வோல்ட் அசையவில்லை. மாமா ஒரு வார்த்தையும் பேசவில்லை. கீழே வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, "டீ குடிக்கலாமா மாப்ளே" என்றார்.

தம்பி தங்கையரே, ஆய்வுக்கூடத்தில் அளவு சரியாக வந்ததும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். வெளியே கையெழுத்துப் போட யாரும் இல்லை. கோளாறு எந்த நிலையில் வந்ததோ அதே நிலையில் சோதித்துப் பார்க்கும் வரை வேலை முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், நாம் "சரியாகிவிட்டது" என்று சொல்வதை நம்பி ஒருவர் மலையிறங்குகிறார்.