பத்தாயத்துக்கு ஒரு வேலை



சிதறால் மலைக்கு ஏறியிருக்கிறீர்களா? மார்த்தாண்டத்திலிருந்து பக்கம்தான். அடிவாரத்திலிருந்து கல் பாவிய பாதை வளைந்து வளைந்து போகும். மேலே போனதும் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து. அதில் நுழைந்து அந்தப் பக்கம் வந்தால், தலைக்கு மேல் கவிந்து நிற்கிறது பெரும் பாறை. அதன் முகப்பில் மகாவீரரும் பார்சுவநாதரும், பத்மாவதியும் அம்பிகையும் புடைப்புச் சிற்பங்களாக இருக்கிறார்கள். திருச்சாரணத்துமலை என்பது பழைய பேர். 9-ஆம் நூற்றாண்டில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், சமணத் துறவிகள் வாழ்ந்த இடம். பின்னால் அதுவே பகவதி கோயிலும் ஆனது.

வீட்டை அழகுபடுத்துவது பற்றிப் பேச வந்தவர் நம்மை மலையேற்றிக்கொண்டு போகிறாரே என்று நினைப்பீர்கள். அடுத்த முறை போகும்போது அந்தப் பாறைக்கு அடியில் கட்டியிருக்கும் மண்டபத்தைக் கொஞ்சம் பாருங்கள். பாறை இயற்கையாக அமைந்தது. தூண் மனிதன் நிறுத்தியது. பாறை கோணலாக இருக்கிறதே என்று யாரும் அதைச் செதுக்கி நேராக்கவில்லை. பாறைபோலத் தெரியட்டும் என்று தூணைக் கரடுமுரடாக விடவும் இல்லை. மழைக்கு மறைப்பாகப் பாறை இருந்தது. உள்ளே நிற்கவும் கும்பிடவும் இடம் வேண்டியிருந்தது. அதை மண்டபம் தந்தது. இருந்ததை விட்டுவிட்டு, இல்லாததைச் சேர்த்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இது தலைகீழாக நடந்தது. ஓட்டு வீட்டைப் பிரித்து வார்ப்பு வீடு கட்டினோம். அறைப்புரையில் இருந்த பத்தாயத்தை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. நெல் கொட்டி வைக்கிற மரப்பெட்டி, பிலாப்பலகையில் செய்தது. நான்கு பேர் சேர்ந்தாலும் லேசில் நகராது. வயல் வாழைத்தோட்டமாகி, பிறகு ரப்பர் தோட்டமாகி வெகுகாலம் ஆகியிருந்தது. அம்மூம்மை கேட்டாள்: “நெல்லு இல்லாத வீட்டுல பத்தாயம் எதுக்காக்கும் மக்களே?” எங்களுக்கோ அதை விட மனமில்லை. ஆசாரியை அழைத்துச் சீவி, பாலீஷ் போட்டு, மேலே ஒரு கண்ணாடியை வைத்து ஹாலின் நடுவில் நிறுத்தினோம். கண்ணாடி மேல் உருளி. உருளியில் தண்ணீர், தண்ணீரில் பிளாஸ்டிக் தாமரை. வந்தவர்கள் எல்லாம் “ஆ, பாரம்பரியம்!” என்றார்கள். உட்கார முடியாது, ஒரு சாமான் வைக்க முடியாது. திறக்க வேண்டுமானால் உருளியை இறக்கி, கண்ணாடியைத் தூக்க வேண்டும். ஐந்து வருடம் அந்தப் பத்தாயம் வேலையில்லாமல் நின்றது.

வேலையில்லாமல் நின்றது என்று யோசித்துத்தான் சொல்கிறேன். பழசையும் புதுசையும் கலப்பதென்றால் நாம் சாமான்களின் அழகைத்தான் பார்க்கிறோம். கூரையைத் தாங்காத மரத்தூணை சிமென்ட் சுவரில் ஒட்டவைக்கிறோம். எண்ணெயே காணாத தூக்குவிளக்கை மூலையில் தொங்கவிடுகிறோம். அரைக்காத அம்மி வாசலில் கிடக்கிறது. ஆசையாகச் செய்ததுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் இரண்டு நாள் இருந்து பாருங்கள், ஏதோ கடைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

பழசு, புதுசு என்ற கணக்கே அவ்வளவு நேரானதில்லை. நம்ம ஊர் ஓடு என்கிறோமே, அந்த மங்களூர் ஓடு ஜெர்மானியர்கள் கொண்டுவந்தது. பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் தொழிற்சாலை போட்டுச் சுட ஆரம்பித்தார்கள். ஓலை வேய்ந்த வீட்டில் பிறந்த கிழவருக்கு அது அந்நியச் சரக்கு. மேசைக்கும் ஜன்னலுக்கும் போடும் நாகர்கோவில் லேஸும் அப்படித்தான். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இங்குள்ள பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. இன்று அதைப் பாட்டியின் கைவேலை என்று பெட்டிக்குள் பத்திரப்படுத்துகிறோம்.

கலப்பதில் கைதேர்ந்தவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் போனால் போதும். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர். அங்குள்ள அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. அதுவே ஒரு கலப்புதான். அரண்மனை மரவேலைக்குப் பேர் போனது. ஆனால் அங்கே சீன நாற்காலி இருக்கிறது. டச்சுக்காரர்கள் தந்ததாகச் சொல்லப்படும் மருந்துக் கட்டில் இருக்கிறது. மணிக்கூண்டு இருக்கிறது. எதுவும் கண்ணை உறுத்துவதில்லை. ஏன் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அங்குள்ள சீன ஜாடிகளைப் பாருங்கள். கடல் கடந்து வந்த ஜாடியை மேடையில் ஏற்றி வேடிக்கை பார்க்கவில்லை. ஊறுகாய் போட்டு வைத்தார்கள். நம் அடுக்களைப் பரணி மாதிரி அதற்கும் உப்பு மாங்காய் வேலை கிடைத்தது. மந்திரசாலை என்ற ஆலோசனை மண்டபத்தின் ஜன்னலில் வண்ண அபிரகத் தகடு பதித்திருக்கிறார்கள். வெளிச்சம் உள்ளே வரும். வெயிலும் தூசியும் வெளியே நிற்கும். தரையோ கண்ணாடிபோல மின்னும் கறுப்பு. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு என்று நாட்டுச் சரக்கில் தேய்த்துத் தேய்த்து எடுத்தது. மரக்கூரை வீட்டில் வெளிச்சம் குறைவு. அந்தக் குறைந்த வெளிச்சத்தைத் தரை வாங்கித் திருப்பித் தருகிறது. கறுப்புத் தரை போட்டால் அறை இருட்டாகிவிடும் என்று யார் சொன்னாலும் அவரை அங்கே ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்று அந்தத் தரையைப் போட ஆள் கிடைப்பது கடினம். ஆனால் ரெட் ஆக்சைடு தரை போடத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் அங்கங்கே இருக்கிறார்கள். வெடிப்பு விழாமல் போடுவது கைப்பழக்கம், அவசரப்படுத்தினால் கெட்டுப்போகும். டைல்ஸ் போட்ட வீட்டிலும் பூமுகத்துக்கு மட்டும் இந்தத் தரை போதும். மதியம் வெறும் தரையில் படுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மரம் வாங்கும்போது ஒன்று. நம் பக்கத்து அயினியும் பிலாவும் கரையானுக்கு லேசில் மசியாது. பிலா முதலில் மஞ்சளாக இருந்து, வருடம் போகப்போகச் சிவந்துவரும். அதன் மேல் அடர்ந்த வார்னிஷைப் பூசி அந்த மாற்றத்தை மறைக்காதீர்கள். ரப்பர் மரம் மலிவு, வெளிறிய நிறம், புதுப்பாணி மேசை நாற்காலிக்கு நன்றாக இருக்கும். ஆனால் மருந்தேற்றி உலர்த்தியதா என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சையும் வண்டும் விடாது.

இனி கூரை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்குகிற மாவட்டம் நமது. தட்டையாக வார்ப்புப் போட்டோம். ஒழுகியது, சுட்டது. இப்போது அதன் மேல் இரும்புச் சட்டம் அடித்துச் சரிவாகக் கூரை போடுகிறோம். விட்டுவந்த ஓட்டு வீட்டையே மாடியில் கொண்டுபோய் வைத்ததுபோல இருக்கிறது, சிரிப்பு வருகிறது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இதை வேறு விதமாகச் செய்தார். வார்ப்பின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு நடுவே உள்ள காங்கிரீட் பெரிதாக எந்தப் பளுவையும் தாங்குவதில்லை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து வார்த்தார். சிமென்ட் மிச்சம், கனம் குறைவு, சூடும் குறைவு. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் ஓடுகள் கட்டம் கட்டமாகத் தெரியும். தனியாக சீலிங் அலங்காரம் எதற்கு?

பத்தாயத்தின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். ஒரு ஆடி மாதம், அடைமழை. பீரோவிலிருந்த கம்பளியும் தலையணையும் ஈரவாடை அடித்தன. அண்ணனின் மனைவி, எங்கள் மைனி, யாரையும் கேட்கவில்லை. உருளியை இறக்கினாள், கண்ணாடியைச் சுவரில் சாய்த்தாள், எல்லாவற்றையும் பத்தாயத்துக்குள் போட்டு மூடினாள். மழை விட்ட பிறகு பிள்ளைகளைக் கூட்டி அதை ஜன்னலோரம் தள்ளவைத்தாள். மேலே ஒரு பத்தமடைப் பாய். அவ்வளவுதான். இப்போது அந்த வீட்டில் சண்டை வருவதே அந்த இடத்துக்காகத்தான். காலையில் அண்ணன் பத்திரிகையோடு உட்காருகிறார். மதியம் யாராவது படுத்திருக்கிறார்கள். சாயங்காலம் பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். பின்னால் சுவரில் ஒரு பிளக் பாயின்ட் இருப்பதால் போனுக்கு சார்ஜ் போடவும் அங்கேதான் வருகிறார்கள். உருளி அடுக்களைக்குத் திரும்பிவிட்டது. போன ஓணத்துக்கு அதில் அடைப்பிரதமன் கிண்டினார்கள்.

கண்ணாடி மட்டும் இன்னும் சுவரில் சாய்ந்தே நிற்கிறது. அதற்கு என்ன வேலை கொடுப்பது என்று மைனி இன்னும் முடிவு செய்யவில்லை.