கதிரை காலியாக இருக்கக் கூடாது

(பொத்துவிலுக்கு வந்திருந்த தோட்டப் பெற்றோர் மத்தியில் நாம் பேசியது)



பாதிப்பேருடைய கண் வாசலில் இருக்கிறது. கடலைப் பார்க்கிற அவசரம், எங்களுக்கும் தெரிகிறது. கொஸ்லந்தை, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ என்று விடியற்காலையில் இருந்து பஸ்ஸில் குலுங்கி வந்திருக்கிறீர்கள். அரை மணித்தியாலம் மட்டும் பொறுத்துக் கொள்ளுங்கள்.

இன்றைக்கு நாம் பேசப்போவது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தைப் பற்றி. "அது மாஸ்டர்மாருடைய சங்கம் தானே" என்று பஸ்ஸில் ஒரு தங்கச்சி கேட்டாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சே.

நமது பாடசாலைகள் வந்த வழியை முதலில் கொஞ்சம் நினைக்க வேண்டும். 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்கிற பொறுப்பைத் துரைமார் மேல் போட்டது. லயத்து ஓரத்தில் ஒரு கொட்டில், ஒரே ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிவு. 1945 இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தும் நமது கொட்டில்கள் துரையின் கையிலேயே கிடந்தன. 1977 க்குப் பிறகுதான் அரசாங்கம் கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்றது. அதுவரைக்கும் பெற்றோருக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன இடம்? பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போவது, அவ்வளவுதான். அந்தப் பழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. இன்றும் அதிபரின் அறை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கூப்பிடுகிற வரைக்கும் நிற்கிறோம்.

ஆனால் சங்கத்தின் விதி அப்படி இல்லை. பாடசாலையில் பிள்ளை படிக்கிற ஒவ்வொரு தாயும் தகப்பனும் அந்தச் சங்கத்தின் அங்கத்தவர். அதிபர் தனது பதவியால் தலைவர். ஆசிரியர்களும் இருப்பார்கள். பழைய மாணவரும் இருப்பார்கள். வருடாந்தப் பொதுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவுக்கு ஆட்களைத் தெரிவு செய்வது நீங்கள். பணம் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், ஒருவர் தனியாக எடுக்க முடியாது. தீர்மானம் எல்லாம் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் ஏற வேண்டும். அந்தக் குறிப்பையும் கணக்கையும் வாசிக்கச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

நமக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் நடந்ததைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். சங்கக் காசில் தண்ணீர்த் தாங்கி வாங்கி வைத்தார்கள். குழாய் இழுக்கவில்லை. கக்கூசில் தண்ணீர் இல்லை. பெரிய பிள்ளைகள் மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் நின்றுவிட்டார்கள். இரண்டு வருடமாக யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் கொழுந்து எடுக்கிற ஒரு அம்மா கூட்டத்தில் எழும்பி, "தாங்கிக்கு எவ்வளவு முடிஞ்சது, குழாய்க்கு எவ்வளவு வேணும், அத மட்டும் சொல்லுங்க" என்றார். சத்தம் போடவில்லை, யாரையும் கள்ளன் என்று சொல்லவும் இல்லை. கணக்கைத் திறந்து பார்த்தால் குழாய்க்குப் போதுமான காசு வங்கியில் சும்மா கிடந்தது! கேட்க ஆள் இல்லாததால் அது யாருடைய ஞாபகத்திலும் இல்லை. அடுத்த மாதம் தண்ணீர் வந்தது. அந்தக் கூட்டத்தில் நாமும் இருந்தோம்; அந்தக் கேள்வியை அதற்கு முந்தியே கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை என்று உங்களைக் குறை சொல்லவும் முடியாது. வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் அரைப்பேர் போகும். அந்தக் காசு யாருக்குப் பெரிசில்லை? ஆகவே கூட்டத்தைப் பின்னேரம், கொழுந்து நிறுத்த பிறகு வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். பத்துப்பேர் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் எந்த அதிபரும் யோசிப்பார். கையெழுத்து வராதவர்கள் பெருவிரல் வையுங்கள், அதில் வெட்கம் வேண்டாம்.

இந்தப் பொத்துவில் மக்களைப் பாருங்கள். கடலும் வயலும்தான் தொழில். 2004 டிசம்பர் 26 இல் சுனாமி இவ்வூரையும் அறுகம்பையையும் அடித்து நொறுக்கியது. நீங்கள் இப்போது கடந்து போகப்போகிற அறுகம்பைப் பாலம்கூட அதற்குப் பிறகு, 2008 இல் திறந்ததுதான். அக்கரைப்பற்று வலயத்துக்குள் ஒரு மூலையில் கிடக்கிறோம், ஆசிரியர் போதாது, எங்களுக்குத் தனிக் கல்வி வலயம் வேண்டும் என்று வருடக் கணக்காகக் கேட்டுவந்த ஊர் இது. காலையில் நம்மோடு தேநீர் குடித்த ஒரு வாப்பா சொன்னார்: "நாங்க தனித்தனியாப் போனா போய்ட்டு வாங்க என்பாங்க. சங்கத்துட கடிதத்தோட போனா கதிரை போடுவாங்க." நமது தேயிலையைத்தான் குடிக்கிறார், நமக்குத் தெரியாததை அவர் தெரிந்து வைத்திருக்கிறார்.

உரிமையோடு பொறுப்பும் உண்டு. ஆசிரியரை இடம் மாற்றுவது, நேரசூசி போடுவது சங்கத்தின் வேலை அல்ல. குறை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம், வகுப்புக்குள் போய்ச் சண்டை பிடிக்கக் கூடாது. தொழிற்சங்கத்தை இதற்குள் கொண்டு வராதீர்கள். மாவட்டத் தலைவருக்கு வேண்டியவர் என்பதற்காக ஒருவரைத் தெரிவு செய்தால், அடுத்த கட்சிக்காரர் அன்றோடு வரமாட்டார். நட்டம் பிள்ளைகளுக்கு. காசு கட்டவில்லை என்று ஒரு பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை; அதே நேரம் சிரமதானத்துக்குக் கூப்பிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு போக நமக்கு என்ன கஷ்டம்?

இன்னொன்று. 2016 இல் இருந்து ஐந்து வயது தொடக்கம் பதினாறு வயது வரைக்கும் பள்ளிக்கூடம் கட்டாயம். பதினாலு வயதுப் பையனைக் கொழும்புக் கடைக்கு அனுப்பிவிட்டு, சங்கக் கூட்டத்தில் வந்து ஆசிரியர் சரியில்லை என்று பேச முடியாது. உங்கள் லயத்தில் அப்படி ஒரு பிள்ளை நின்றுவிட்டால், அந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டியவர் அதிபர் அல்ல, நிர்வாகக் குழுவில் இருக்கிற பெற்றோர். ஒரே லயத்து ஆள் சொன்னால் கேட்பார்கள்.

குழுவுக்குப் பெண்களைத் தெரிவு செய்யுங்கள். பிள்ளையின் புத்தகப்பை, சாப்பாடு, சுகம் எல்லாம் தெரிந்தவர் தாய். அவர் பின் வாங்கில் உட்கார்ந்திருக்க, முன்னால் ஆம்பளைகள் பேசுவது சரியாகப் படவில்லை.

திங்கட்கிழமை திரும்பியதும் முதல் வேலையாக, அடுத்த பொதுக் கூட்டம் எப்போது, போன வருடக் கணக்கு எங்கே என்று அதிபரிடம் கேட்டு வையுங்கள். பதிலை எங்களுக்குப் பிரட்டுக்களத்தில் சொன்னாலும் போதும்.

சரி, எழும்புங்க. கடலுக்குப் போவோம். பிள்ளைகளின் கையை மட்டும் விடாதீங்க, இங்கே அலை பொல்லாதது.