நெஞ்சுவலிக்கும் முதல் ஊசிக்கும் நடுவே

 

மாரடைப்புச் சிகிச்சையும் தடுப்பும் பற்றிய இந்தக் கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலில் புதுவகை ஸ்டென்டுகள் இருக்கின்றன. ரத்தக்குழாய்க்கு உள்ளேயே படம் பிடிக்கும் கருவிகள் இருக்கின்றன. இவையெல்லாம் நமக்கு வேண்டியவையே. ஆனால் நான் பேச வந்தது அடைப்பைத் திறக்கும் கேத் லேபின் கதவுக்கு வெளியே கழியும் நேரத்தைப் பற்றி. மாரடைப்பு வந்தவர்களில் பலர் நம் கண்ணில் படாமலேயே இறந்துபோகிறார்கள். நம்மிடம் வந்து சேர்பவர்களிலும் பலர் இதயத்தில் பாதியை வழியிலேயே இழந்துவிட்டு வருகிறார்கள்.

இதய ரத்தக்குழாய் அடைபட்டதும் தசை முழுவதும் ஒரே நொடியில் சாவதில்லை. ஆய்வாளர்கள் ரெய்மரும் ஜென்னிங்ஸும் 1977-இல் நாய்களின் இதயத்தில் இதைக் காட்டினார்கள். சேதம் இதயத்தின் உட்சுவரில் தொடங்கி வெளிச்சுவரை நோக்கி மணிக்கணக்கில் பரவுகிறது. வாய்க்காலில் தண்ணீர் நின்றால் கடைமடை வயல்தானே முதலில் காயும்? முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழாயைத் திறந்துவிட்டால் பெரும்பகுதி தசை பிழைத்துக்கொள்ளும். ஆறு மணி நேரம் கழித்துத் திறந்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

நம் துறையின் வரலாறும் சிகிச்சையை நோயாளியின் பக்கமாக நகர்த்திய வரலாறுதான். இதயத் தமனி அடைபட்டும் ஒருவர் உயிரோடிருக்கலாம் என்று சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக் 1912-இல் எழுதினார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு நோயாளியை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்துவதைத் தவிர நாம் பெரிதாக எதுவும் செய்யவில்லை. 1961-இல் டெஸ்மண்ட் ஜூலியன், இந்த நோயாளிகளை ஒரே இடத்தில் வைத்து இதயத்துடிப்பை இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும் என்றார். நின்ற இதயத்தை அழுத்தி இயக்கும் பயிற்சி செவிலியருக்கும் தரப்பட வேண்டும் என்றும் சொன்னார். இன்றைய இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அங்கிருந்து வந்தவை. பெல்பாஸ்டின் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் 1966-இல் இன்னொரு படி போனார். ஏறக்குறைய 70 கிலோ எடையுள்ள டிஃபிப்ரிலேட்டரை ஆம்புலன்ஸில் ஏற்றி, கார் பேட்டரியில் ஓடவைத்து, நோயாளியின் வீட்டு வாசலுக்கே அனுப்பினார்.

1988-இல் ஐசிஸ்-2 ஆய்வின் முடிவு வந்தது. அதில் 17,187 நோயாளிகள். தினமும் ஓர் ஆஸ்பிரின் கொடுத்ததிலேயே ஐந்து வாரத்துக்குள் நேரும் இதய, ரத்தநாள இறப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. கட்டி கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்ந்தபோது 42 விழுக்காடு குறைந்தது. ஆஸ்பிரின் ஒரு தேநீரின் விலைகூட இல்லாத மாத்திரை. மாணவர்கள் இதை மனத்தில் நிறுத்த வேண்டும். ஏழை நாடும் உடனே எடுத்தாளக்கூடிய மருந்து நம் கையில் அன்றே இருந்தது.

அதை நாம் எப்படிப் பயன்படுத்தினோம் என்பதை 2008-இல் வெளியான கிரியேட் பதிவேடு சொன்னது. இந்தியாவெங்கும் 20,468 நோயாளிகளைப் பற்றிய பதிவு அது. வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனையை எட்ட ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் பணக்காரரில் 5.5 விழுக்காடு, ஏழைகளில் 8.2 விழுக்காடு. பெற்ற சிகிச்சையின் வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. ஏழையின் இதயம் வேறு விதமானதல்ல. நாம் கொடுத்த சிகிச்சைதான் வேறாக இருந்தது. இந்தப் பதிவேட்டை எப்போது எடுத்துப் பார்த்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அந்த ஆறு மணி நேரம் எங்கே போகிறது? நோயாளியின் குடும்பத்தாரிடம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சை அழுத்துகிறது. வாயு என்று சோடா குடிக்கிறார். ஜெலுசில் குடிக்கிறார். மனைவி ஓமத் தண்ணீர் காய்ச்சித் தருகிறார். விடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். விடிந்ததும் தெருமுனை கிளினிக். அங்கே ஈ.சி.ஜி. இல்லை, இடுப்பில் ஒரு ஊசி. அப்புறம் மகன் வேலையிலிருந்து வர வேண்டும், வண்டி பிடிக்க வேண்டும், பணம் புரட்ட வேண்டும். பெண்ணாக இருந்தால் தாமதம் இன்னும் கூடும். வலி முதுகிலோ தாடையிலோ வரலாம், வெறும் மூச்சுத் திணறலாகவே வரலாம். அவரும் சமையலை முடித்துவிட்டுத்தான் சொல்வார். நெடுநாள் சர்க்கரை உள்ளவருக்கு வலியே இல்லாமல் வியர்வையும் களைப்பும் மட்டும் வருவதுண்டு. இவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிப் பேசுவது தவறு. நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் கால் மணி நேரம்கூடக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்று அவர்கள் காதில் விழும்படி நாம் இன்னும் சொல்லவில்லை.

அடுத்த தாமதம் நம்முடையது. வட்ட மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, மாரடைப்பைக் காட்டும் எஸ்.டி. உயர்வு தெரிகிறது, அலமாரியில் கட்டி கரைக்கும் மருந்தும் இருக்கிறது. ஆனாலும் இளம் மருத்துவர் மேல் சிகிச்சைக்கு என்று எழுதி அனுப்பிவிடுகிறார். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டால் யார் பதில் சொல்வது, உறவினர்கள் கைநீட்டினால் யார் வருவார்கள் என்ற அச்சம் அவருக்கு. அந்த அச்சம் நியாயமானது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய முடியாத ஊரில், தடை எதுவும் இல்லாதவருக்கு, வந்த அரை மணி நேரத்துக்குள் மருந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பதே நெறி. கட்டி கரைக்கும் டெனெக்டிபிளேஸ் ஒரே ஊசி, சில நொடியில் ஏற்றிவிடலாம். அந்த மருத்துவருக்குத் தேவை, நள்ளிரவில் ஈ.சி.ஜி.யை வாட்ஸ்ஆப்பில் பார்த்து, “கொடுங்கள், நான் பொறுப்பு” என்று சொல்லும் மூத்தவர் ஒருவர். இந்த அரங்கில் உள்ள ஒவ்வொரு இதயநோய் நிபுணரும் அந்தத் தொலைபேசியை எடுக்கக் கடமைப்பட்டவர்.

இது நடக்கக்கூடியதுதான் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. மையமும் கிளைகளுமாக மருத்துவமனைகளை இணைத்து இங்கே நடந்த தமிழ்நாடு ஸ்டெமி ஆய்வு 2017-இல் வெளியானது. டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் டாக்டர் அஜித் முல்லசாரியும் அதை முன்னின்று நடத்தினார்கள். மொத்தம் 2,420 நோயாளிகள். இணைப்புக்கு முன் 35 விழுக்காட்டினருக்குக் கிடைத்த ஆஞ்சியோகிராம், பின்னர் ஏறக்குறைய 61 விழுக்காட்டினருக்குக் கிடைத்தது. ஓராண்டுக்குள் நேர்ந்த இறப்பு 17.6-இலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவமனைக்குள் நேர்ந்த இறப்பு மட்டும் அசையவில்லை. இதை நாம் மறைக்கக் கூடாது. வீட்டில் கழிந்துபோன மணிகளை எந்த வலையமைப்பும் மீட்டுத் தராது என்பதையே அந்த எண் காட்டுகிறது என்று நான் கருதுகிறேன். அதனால்தான் 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தை மனமார வரவேற்கிறேன். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றின் முதல் வேளையும் ஊருக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது. அதோடு அங்கேயே ஈ.சி.ஜி.யும் எடுக்கப்பட்டு உடனே படிக்கப்பட வேண்டும்.

தடுப்புக்கு வருகிறேன். சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை ஒன்பதே காரணங்கள் விளக்கிவிடுகின்றன என்றது. புகையிலை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம் ஆகியவை அவற்றில் அடங்கும். தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஆறு ஆண்டு முன்னதாக, சராசரியாக 53 வயதில் வருகிறது. பிள்ளைகளின் படிப்பும் கல்யாணமும் இன்னும் முடியாத வயது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கே பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைக் கொண்டுபோகிறது. ஆனால் பகலில் வேலைக்குப் போய்விடும் நாற்பது வயது ஆணைத் தேடி லாரி நிறுத்தத்துக்கும் சந்தைக்கும் மில் வாசலுக்கும் நாம் போயாக வேண்டும்.

ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்தவர்களைப் பற்றியும் எனக்குக் கவலை உண்டு. ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள், அடைப்பு போய்விட்டது என்று சில மாதங்களில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். குளோபிடோகிரெலை முன்கூட்டியே நிறுத்தினால் அதே ஸ்டென்டில் ரத்தம் கட்டியாக உறையக்கூடும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் ஈரலைக் கெடுக்கும் என்று வாட்ஸ்ஆப்பில் வருவதை நம்புகிறவர்களும் உண்டு.  ஆனால் 4,444 இதயநோயாளிகளிடம் நடந்து 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், சிம்வாஸ்டாடின் என்ற ஸ்டாடின் மொத்த இறப்பையே 30 விழுக்காடு குறைத்தது. மாத்திரைகளை நிறுத்தக் கூடாது என்பதை டிஸ்சார்ஜ் நாளில் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நோயாளியிடம் மட்டும் சொல்லாமல், மாத்திரை எடுத்துத் தரப்போகும் மனைவியையோ மகளையோ பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

இந்த இரண்டு நாளுக்குள் இங்கே ஒரு முடிவு எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த மாவட்டத்தில் எந்த மருத்துவமனை மையம், எந்தெந்த வட்ட மருத்துவமனை கிளை, இரவில் ஈ.சி.ஜி. பார்க்கப்போவது யார் என்று பெயர்களோடு எழுதிய பட்டியல் நாளை மாலைக்குள் தயாராக வேண்டும். அமைப்பாளர்களிடம் இன்னொரு வேண்டுகோள் வைத்தேன், அவர்களும் மகிழ்ச்சியோடு இசைந்தார்கள். முதல் அமர்வு பேராசிரியர்களுடையதாக இருக்காது. கிராமங்களில் நெஞ்சுவலி நோயாளியை முதலில் பார்க்கும் செவிலியர்களும் 108 பணியாளர்களும் தங்கள் இடர்ப்பாடுகளைச் சொல்வார்கள், நாம் குறிப்பெடுப்போம். அவர்களை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.