புதிய படைப்புக்குப் பொதுப்பணம்
(பிக்கரிங் கலை ஆர்வலர்களிடையே ஆற்றிய உரை)



1957இல் கனடாக் கலை மன்றம் தோன்றியபோது அதன் மூலதனம் 5 கோடி டொலர். கில்லம், டன் என்னும் இரு செல்வந்தர் மறைந்தபின் அரசுக்குக் கிடைத்த மரபுரிமை வரியே அதன் ஊற்று. எவருடைய தயவும் அன்று, பொதுப்பணம். தமிழ்க் கூத்துக்கும் அதில் உரிமையுண்டு.

ரூஜ் ஆற்றுக்கு மேற்கே ஸ்காபரோவில் வாழும் நாடகக் கலைஞர் ரொறன்ரோ கலை மன்றத்திடம் விண்ணப்பிக்கலாம். கிழக்கே பிக்கரிங்கில் குடியேறியவருக்கு அவ்வாசல் இல்லை. வீடு வாங்கும்போது இதனை எவர் எண்ணினார்! ஆயினும் 1963இல் நிறுவப்பட்ட ஒன்ராறியோ கலை மன்றமும் கனடா மன்றமும் அவருக்குத் திறந்தே உள்ளன.

விண்ணப்பங்களை மதிப்பிடுவோர் சக கலைஞர்கள். அவர்கள் தமிழ் அறியாதிருக்கலாம். ஆகவே புதிய பிரதியின் தேவையை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ தெளிவுற விளக்குதல் வேண்டும். தமிழ்க் குழுக்களின் வரவுசெலவுத் திட்டத்தில் மண்டப வாடகை இருக்கும், ஒலியமைப்பு இருக்கும். நடிகருக்கான ஊதியத்தைக் காண்பதே அரிது. அந்த வரியை முதலில் எழுதுங்கள்.