வெந்நீர் ஏன் வெதுவெதுப்பாகவே வருகிறது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொட்டைமாடி சோலார் வெந்நீர் அமைப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு ஒரு கீசர் வாங்கிக்கொள்ளலாமா என்ற கேள்வி அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. கை தூக்குவதற்கு முன் கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்பதுதான் என் வேண்டுகோள். பழைய அமைப்புதான், ஆனால் தண்ணீர் சூடாகாததற்கு வயது மட்டுமே காரணமாக இருப்பது குறைவு.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். சித்திரை, வைகாசியில் நம் ஊரில் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே சூடாகத்தான் வருகிறது. அப்போது சோலார் வேலை செய்கிறதா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை வந்ததும் குறை தெரிகிறது. பழி மேகத்தின்மேல் விழுகிறது. கோளாறு கோடையிலேயே வந்திருக்கலாம்.

எல்லா வீட்டிலுமா, ஒரு வீட்டிலா?

இதுதான் முதல் கேள்வி. ஒரே வீட்டில் மட்டும் என்றால் அந்த வீட்டின் குழாயையும் வால்வையும் பாருங்கள். கீழ்த்தளத்தில் மட்டும் தாமதம் என்றால் குழாயில் ஆறிக் கிடக்கும் தண்ணீர்தான் காரணம். ஒரு அங்குலக் குழாய் 20 மீட்டர் நீளம் இருந்தால் அதற்குள் சுமார் 10 லிட்டர் நிற்கும். அது வெளியேறிய பிறகே சூடு வரும். குழாய்மேல் சுற்றிய உறை கிழிந்திருந்தால் இன்னும் மோசம்.

எல்லா வீட்டிலும் என்றால் மாடிக்குப் போக வேண்டும். நல்ல வெயில் அடித்த நாளில், மாலை 4 மணிக்குத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை ஒரு வெப்பமானியால் அளந்து பாருங்கள். அப்போதே சூடு இல்லை என்றால் கோளாறு வெயிலை வாங்கும் பகுதியில். மாலையில் சூடாக இருந்து, யாரும் அதிகம் பயன்படுத்தாமலே விடியற்காலையில் ஆறிப்போனால், எங்கோ பச்சைத்தண்ணீர் கலக்கிறது அல்லது தொட்டியின் உறை கெட்டிருக்கிறது.

மாலையிலேயே சூடு இல்லையென்றால்

கண்ணாடிக் குழாய்களில் தூசி இருந்தால் அதிகாலையில் கழுவச் சொல்லுங்கள். உச்சி வெயிலில் சூடேறிய கண்ணாடியில் பச்சைத்தண்ணீர் பட்டால் வெடிக்கும். ஒவ்வொரு குழாயின் அடி நுனியையும் பாருங்கள். கண்ணாடிபோல வெள்ளிப் பூச்சு இருந்தால் நல்லது. அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் அந்தக் குழாயின் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். அதை மட்டும் மாற்றினால் போதும். பிறகு கட்டிய தொட்டி, டிஷ் ஆன்டெனா இவற்றின் நிழல் விழுகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது உப்பு. கடினத் தண்ணீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து படிகிறது. வெந்நீர் அண்டாவின் அடியில் நீங்கள் சுரண்டி எடுக்கும் வெள்ளைப் பொருக்கு அதுதான். குடிநீருக்கான இந்தியத் தரப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. சிற்றாறு தாமிரபரணியில் சேரும் ஊரில் இருந்தாலும், நம் மேல்தொட்டிக்குப் போர் தண்ணீரும் போகிறது. சோலாருக்கு எந்தத் தண்ணீர் போகிறது என்று பார்த்து, அதன் கடினத்தன்மையைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். டிடிஎஸ் மீட்டர் கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. படிவை நீக்கக் கழிவறை ஆசிட் ஊற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது எவர்சில்வர் தொட்டியை அரித்துவிடும்.

விடியற்காலையில் ஆறிப்போனால்

நாம் அதிகம் தேட வேண்டிய இடம் இதுதான். அது நம் குளியலறைக்குள்ளேயே இருக்கிறது. சூடும் பச்சையும் சேரும் மிக்ஸர் குழாயைத் திறந்தே வைத்துவிட்டு, கைஷவரின் பிடியை மட்டும் மூடிவிட்டால், உள்ளே இரண்டு குழாய்களும் இணைந்தே இருக்கும். மிக்ஸரின் உள்பாகம் தேய்ந்தாலும் அப்படித்தான். மேல்மாடியில் அழுத்தம் போதவில்லை என்று யாராவது பச்சைத்தண்ணீர் வரிசையில் மட்டும் பிரஷர் பம்ப் வைத்திருந்தால், அது பச்சைத்தண்ணீரை வெந்நீர்க் குழாய்க்குள் தள்ளும். ஒரு வீட்டுக் குழாயால் எல்லா வீட்டுக்கும் குளிர்ந்த தண்ணீர்.

சோதனை எளிது. மாடியில் வெந்நீர் வெளியேறும் வால்வை மூடுங்கள். பிரஷர் பம்ப் இருந்தால் அது ஓடட்டும். பிறகு ஒரு வீட்டில் வெந்நீர்க் குழாயைத் திறங்கள். மிச்சத் தண்ணீர் வடிந்து நின்றால் சரி. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் எங்கோ கலப்பு இருக்கிறது. வீடு வீடாக மிக்ஸருக்குக் கீழே உள்ள ஆங்கிள் வால்வுகளை மூடிக்கொண்டே போனால், எந்த வீட்டில் மூடும்போது ஓட்டம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. மிக்ஸரின் உள்பாகத்தை மாற்றி, திரும்பிப் பாயாத வால்வு ஒன்றைப் போட்டால் தீரும். யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். அந்த வீட்டுக்காரருக்கே இது தெரிந்திருக்காது.

இதில் பணமும் போகிறது. 500 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு மின்சாரத்தில் சூடாக்க ஏறத்தாழ 20 யூனிட் வேண்டும். கலப்பு இருக்கும்போது தொட்டியிலுள்ள ஹீட்டரைப் போட்டுவைத்தால், சூடேறுவதும் ஆறுவதுமாக இரவெல்லாம் ஓடும். அந்தக் கட்டணம் பொது மின் கணக்கில் நம் எல்லோர் தலையிலும் விழும்.

இரண்டு எச்சரிக்கைகள்

தொட்டியின் மேலே நிற்கும் காற்றுக்குழாயை, சொட்டுகிறது என்று யாரும் அடைக்கக் கூடாது. அடைத்தால் காற்று சிக்கித் தண்ணீர் விட்டுவிட்டு வரும். அதைவிட, அழுத்தம் ஏறித் தொட்டி வெடிக்கவோ, உறிஞ்சப்பட்டு நசுங்கவோ கூடும். ஹீட்டரின் மின் இணைப்பை எலக்ட்ரீஷியன் மட்டுமே தொட வேண்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இன்னொன்று. நன்றாகச் சரிசெய்த பிறகு தண்ணீர் 60 டிகிரிக்கு வரும். அந்தச் சூடு சில நொடிகளில் தோலைப் பொசுக்கும். குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீடுகளில் வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர் பிடித்து, பிறகு வெந்நீர் சேருங்கள்.

பொதுக்குழுவுக்கு முன் இந்தச் சோதனைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்துவிடலாம். அன்றைக்கு வீட்டில் ஒருவர் இருந்து, குளியலறைக் கதவைத் திறந்துவிட்டால் போதும். சோதித்தும் தொட்டியே ஓட்டை என்று தெரிந்தால், மாற்றுவதற்கு நானும் கை தூக்குகிறேன்.